மரத்துப்போன கால்: டூரின், செங்கல்பட்டு, ராயபுரம்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன வாரம் எபிசோட் வரலையேன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வீட்ல ஆஸ்பத்திரி அலைச்சல். பெரியப்பாவுக்கு வருஷாந்திர கால் செக்கப். அந்த ரூம்ல உட்கார்ந்திருந்தப்போதான் இந்த எபிசோடைப் பண்ணணும்னு தோணுச்சு. அதனால இன்னைக்கு ராஜாக்கள் இல்லை, போர் இல்லை. ஒரு கால் கட்டைவிரல்ல ஆரம்பிக்கிறேன்.

நாங்க இருக்கிறது அஸ்தினாபுரம். பெரியப்பா கிண்டி எஸ்டேட்ல லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இருபது வருஷமா சுகர். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள், குரோம்பேட்டை மார்க்கெட்டுக்கு நடந்து போய் காய் வாங்கிட்டு நடந்தே திரும்பி வந்தார். பையை சமையல்கட்டுல வெச்சிட்டு சேர்ல உட்கார்ந்தார். நான் ஹாலுக்கு வந்தப்போ, கேட்ல இருந்து சேர் வரைக்கும் மொசைக் தரையில வரிசையா சிவப்பா அச்சு. அவர் செருப்புக்குள்ள ஒரு சின்ன ஆணி ஏறியிருந்தது. அதை மிதிச்சுக்கிட்டே போய் வந்திருக்கார்.

“பெரியப்பா, வலிக்கலையா?”

“இல்லையேம்மா. என்ன ஆச்சு?”

எனக்கு பயம் வந்தது ரத்தத்தைப் பார்த்து இல்லை, அந்த பதிலைக் கேட்டு.

பத்து நாள்ல அது புண்ணாச்சு. முதல்ல போன இடத்துல, விரலை எடுத்துடலாம், லேட் பண்ணா பாதத்துக்கு ஏறிடும்னு சொன்னாங்க. பெரியம்மா ஒத்துக்கலை. ரெண்டாவது டாக்டர் ரத்த ஓட்டத்தை டாப்ளர்ல பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், எலும்புக்குப் போகலைன்னு சொன்னார். செத்த சதையை வெட்டி சுத்தம் பண்ணினார். அந்தக் காலை தரையில ஊன்றவே கூடாதுன்னார். கூடவே ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார். ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். இட்லி மாவுக்கும் கொத்தமல்லிக்கும் நடுவுல அந்த டியூப் உட்கார்ந்திருந்தது. பெரியம்மா ஒரு நாள் அதைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, “இது எதுலடி செய்றாங்க? பால் மாதிரி கெட்டுப் போகுமா?”ன்னு கேட்டாங்க.

லேபிளைப் படிச்சேன். ரீகாம்பினன்ட் ஹியூமன் எபிடெர்மல் க்ரோத் ஃபேக்டர். தமிழ்ல வளர்ச்சிக் காரணின்னு சொல்வாங்க. உடம்புல ஒரு செல் இன்னொரு செல்லுக்கு “வளரு, பெருகு, இந்தப் பக்கம் வா”ன்னு அனுப்புற புரதச் செய்தி. பெரியம்மாவுக்கு அவ்வளவு சொன்னேன். ஆனா அந்த டியூப் எங்க ஃப்ரிட்ஜுக்கு வந்த வழி இருக்கே, அது ரொம்ப நீளம்.

டூரின் நகரத்துப் படுக்கையறை

1938ல் முசோலினியின் இத்தாலி இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது. யூதர்கள் பல்கலைக்கழகங்களில் வேலை பார்க்கக் கூடாது. டூரின் நகரத்தில் மருத்துவம் படித்து முடித்திருந்த ரீட்டா லெவி-மொந்தால்சினிக்கு அப்போது வயது 29. லேபுக்குள்ள போக முடியாது. அதனால வீட்டில் தன் படுக்கையறையையே லேப் ஆக்கிட்டார். தையல் ஊசியைத் தீட்டி அறுவைக் கத்தி மாதிரி பயன்படுத்தினார். ஆராய்ச்சிப் பொருள் கோழி முட்டை. குண்டுவீச்சுக்குப் பயந்து கிராமத்துக்குக் குடிபோன பிறகும் வேலை நிற்கலை. சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய் முட்டை வாங்குவார். கருவை எடுத்துக்கிட்ட பிறகு, மிச்ச முட்டை வீட்டில் ஆம்லெட்.

அவர் தேடிய கேள்வி சுலபமா சொல்லிடலாம். வளரும் கருவில் கோழியின் கால் மொட்டை வெட்டி எடுத்துட்டா, அந்தக் காலுக்குப் போக வேண்டிய நரம்பு செல்கள் செத்துப்போகுது. ஏன்? நரம்பு எங்கே போகுதோ, அந்த இடத்திலிருந்து அதுக்கு ஏதோ ஒண்ணு திரும்பி வரணும். அது வராததால்தான் சாகுதுன்னு அவர் யோசித்தார்.

போர் முடிந்ததும் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் இருந்த விக்டர் ஹாம்பர்கர் அவரை அழைத்தார். 1947ல் சில மாதங்களுக்குன்னு போனவர், அங்கே பல வருஷம் இருந்துட்டார். எலியின் ஒரு வகைப் புற்றுக்கட்டியை கோழிக் கருவில் வைத்தால், நரம்புகள் அதை நோக்கிக் கட்டுக்கடங்காமல் வளர்றதை அங்கே பார்த்தார். 1952ல் கட்டி உள்ள இரண்டு எலிகளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ரியோ டி ஜெனிரோவுக்கு விமானம் ஏறினார். அங்கே ஒரு தோழியின் லேபில், கண்ணாடித் தட்டில் நரம்புத் துண்டையும் கட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, நரம்பைச் சுற்றி சூரியக் கதிர் மாதிரி இழைகள் கிளம்பின.

அந்தப் பொருள் எது? பிரித்தெடுக்க வந்தவர் ஸ்டான்லி கோஹன் என்ற உயிர்வேதியியலாளர். அவர் கலவையைச் சுத்தப்படுத்த பாம்பு விஷத்தைச் சேர்த்தார். நரம்பு வளர்ச்சி குறையறதுக்குப் பதிலா பல மடங்கு கூடுச்சு. விஷத்துக்குள்ளேயே அந்தப் பொருள் இருந்தது. பாம்பின் விஷப்பை நம்ம உமிழ்நீர்ச் சுரப்பிக்கு உறவுதானேன்னு யோசித்து, ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் தேடினார். அங்கேயும் ஏராளமா இருந்தது. இதுதான் என்.ஜி.எஃப்., நரம்பு வளர்ச்சிக் காரணி.

அடுத்ததுதான் நம்ம டியூப் சமாச்சாரம். அந்த உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றை எலிக்குட்டிகளுக்குப் போட்டப்போ, கோஹன் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தார். குட்டிகள் இரண்டு வாரத்தில் கண் திறக்கணும். இதுங்க ஒரே வாரத்தில் திறந்துடுச்சு. நரம்புக்கும் இமைக்கும் என்ன சம்பந்தம்? சாற்றில் இரண்டாவதா இன்னொரு பொருள் இருந்தது. அது தோல் செல்களை வேகமா வளர வைக்குது. அதுதான் இ.ஜி.எஃப். வெறும் 53 அமினோ அமிலம் கொண்ட குட்டிப் புரதம். 1986ல் ரெண்டு பேருக்கும் சேர்த்து நோபல் பரிசு. ரீட்டா 2012ல், 103 வயதில் காலமானார்.

ஒரே சுரப்பியில் இருந்து வந்த அண்ணன் தம்பி மாதிரி நினைச்சுக்கோங்க. ஒருத்தன் நரம்புக்கு, ஒருத்தன் தோலுக்கு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

இப்போ நம்ம பக்கத்துக்கு வருவோம். குரோம்பேட்டையில செங்கல்பட்டு லோக்கல் ஏறினா கடைசி ஸ்டேஷன். அங்கே திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரில் ஒரு தொழுநோய் இல்லம் இருந்தது. 1955ல் மத்திய அரசு அதை எடுத்து தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆக்கியது. இன்னைக்கும் இருக்கு.

1947ல் அங்கே ஒரு இளம் அறுவை மருத்துவர் வந்தார். பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே மிஷனரிகள். லண்டனில் படித்துவிட்டு வேலூர் சி.எம்.சி.யில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அவரைத் திருமணிக்குக் கூட்டிட்டுப் போனார். விரல்கள் மடங்கி நகம் போல வளைந்த ஒரு நோயாளியின் கையை பிராண்ட் பிடித்தார். அழுத்துங்கன்னு சொன்னார். பலமே இருக்காதுன்னு எதிர்பார்த்தார். அந்தப் பிடியில் அவர் கைதான் வலித்தது.

அப்படின்னா தசை சாகலை. சில தசைகளுக்குப் போகும் நரம்பு மட்டும்தான் செத்திருக்கு. நல்ல தசையின் தசைநாணை எடுத்து, செத்துப்போன தசையின் இடத்தில் மாற்றிக் கட்டினால்? வேலூரில் அதைச் செய்தார்கள். மூடிக் கிடந்த கைகள் திறந்தன. உலகம் முழுக்க இருந்து அறுவை மருத்துவர்கள் அதைக் கற்றுக்கொள்ள வேலூருக்கு வந்தார்கள்.

ஆனா நான் இங்கே பிராண்டைக் கூட்டிட்டு வந்தது அறுவைக்காக இல்லை. இன்னொரு கேள்விக்காக. தொழுநோயில் விரல் ஏன் குறைஞ்சு போகுது? நோய் சதையைத் தின்னுதுன்னுதான் டாக்டர்கள் உட்பட எல்லாரும் நம்பினாங்க. ஒரு நாள் ஒரு பையன், திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரே திருகில் திறந்தான். தரையில் ரத்தச் சொட்டு. சாவி அவன் விரலை எலும்பு தெரிய வெட்டியிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. பிராண்டும் அவர் குழுவும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடி எழுத ஆரம்பித்தார்கள். சூடான பாத்திரம், செருப்பு ஆணி, ஒரே இடத்தில் அழுத்தம். சிலருக்கு ராத்திரி தூக்கத்தில் விரல் காணாமல் போனது. பார்த்தால் எலி. கடிப்பது தெரியாததால் விழிக்கலை. அதன் பிறகு ஒவ்வொருத்தருக்கும் ஒரு பூனை கொடுத்தார்கள்.

சதையை நோய் தின்னலை. வலி இல்லாததுதான் காரணம். 1966ல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்த்ததும் இது செங்கல்பட்டில் பார்த்த அதே புண்தான்னு புரிந்துகொண்டார். நோய் வேற, ஆனா நரம்பு செத்த கால் ஒண்ணுதான். எங்க ஹால்ல இருந்த சிவப்பு அச்சும், அந்தப் பையனின் பூட்டுச் சாவியும் ஒரே கதை.

கார்வில்லில் அவர்கள் செயற்கை வலி செய்யவும் முயற்சி பண்ணினாங்க. கையுறையில், காலுறையில் சென்சார். அழுத்தம் கூடினால் சத்தம். யாரும் சத்தத்தை மதிக்கலை. அடுத்து மின் அதிர்ச்சி. ஏதாவது கனமான வேலை செய்யணும்னா, முன்னாடியே சுவிட்சை அணைச்சிட்டு செய்தாங்க. பல வருஷம் கழித்து திட்டத்தையே கைவிட்டாங்க. நம்மால அணைக்க முடியாதது ஒண்ணுதான், உடம்போட சொந்த வலி.

அப்போ நரம்பை வளர்க்க முடியாதா?

இது பெரியப்பாவே கேட்ட கேள்வி. லேத் ஆளு இல்லையா, “ஒயர் போச்சுன்னா ஒயர் மாத்தலாமே”ன்னார்.

வெட்டுப்பட்ட நரம்பு வளரும். கையில் வெட்டு விழுந்து நரம்பைத் தைச்சா, தையல் போட்ட இடத்தில் இருந்து நாளுக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர் போகும். மெதுவா இருந்தாலும், போக வழி இருக்கு. சர்க்கரை நோயில் நடக்கிறது வெட்டு இல்லை. பாதத்து நரம்பின் செல் இருப்பது கீழ் முதுகில். அங்கிருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே இழை. சர்க்கரை அந்த இழையையும் கெடுக்கும், அதுக்குச் சோறு போடுற மயிரிழை ரத்தக் குழாய்களையும் கெடுக்கும். நுனியில் இருந்து பின்னோக்கிச் சாகும். அதனாலதான் விரல்ல ஆரம்பிச்சு சாக்ஸ் போட்ட மாதிரி மேல ஏறுது.

ரீட்டாவோட என்.ஜி.எஃப். இதுக்கு மருந்தாகும்னு உலகமே நம்பியது. அமெரிக்காவில் ஜெனென்டெக் நிறுவனம் செய்த முதல் சோதனைகள் நம்பிக்கை கொடுத்தன. பிறகு 1019 சர்க்கரை நோயாளிகளிடம் 48 வாரம் பெரிய சோதனை. 2000ல் முடிவு வெளியானது. மருந்துக்கும் வெறும் ஊசிக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஊசி போட்ட இடத்தில் வலி மட்டும் அதிகம். ஏன்னா என்.ஜி.எஃப். வலி நரம்புகளை உசுப்பியும் விடும். அதே புரதம் கண் சொட்டு மருந்தா, நரம்பு செத்த கருவிழிப் புண்ணுக்கு 2017ல் ஐரோப்பாவிலும் 2018ல் அமெரிக்காவிலும் அனுமதி வாங்கியது. கருவிழிக்கு மேலேயே சொட்டு விட்டுடலாம். ஒரு மீட்டர் நீளத்துக்கு அப்படி விட முடியாது.

ரத்தக் குழாயின் கதையும் இதேதான். 1971ல் பாஸ்டனில் ஜூடா ஃபோக்மன், புற்றுக்கட்டி தனக்கு வேண்டிய ரத்தக் குழாயைத் தானே வரவழைக்குதுன்னு எழுதினார். 1983ல் ஹரால்ட் த்வோராக் குழு, குழாயைக் கசிய வைக்கும் ஒரு புரதத்தைக் கண்டது. 1989ல் நெப்போலியோனே ஃபெராரா குழாயை வளர்க்கும் புரதத்தைப் பிரித்தார். ரெண்டும் ஒண்ணே, வி.இ.ஜி.எஃப். 1990களில் ஜெஃப்ரி இஸ்னர் அதன் ஜீனை, அடைபட்ட கால் குழாய் உள்ள நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். இன்னொரு வளர்ச்சிக் காரணியின் ஜீனை வைத்து 525 பேரிடம் நடந்த பெரிய சோதனை 2011ல் முடிவு சொன்னது. கால் எடுப்பது குறையலை.

இதில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வெச்ச விஷயம் ஒண்ணு. பெரியப்பாவுக்குக் கண்ணிலும் சுகர் பிரச்சினை. கண்ணுக்குள்ள ஊசி போடுறாங்க. அந்த ஊசி என்ன பண்ணுது தெரியுமா? வி.இ.ஜி.எஃப்.ஐத் தடுக்குது. விழித்திரையில் அது அதிகமாகி, கண்ட இடத்தில் கசியும் குழாய்களை வளர்க்குது. ஒரே மனுஷனுக்கு காலில் குழாய் வளரணும், கண்ணில் வளரக் கூடாது. உடம்பு முழுக்க “வளரு”ன்னு சொல்ற மருந்து ஏன் ஆபத்துன்னு எனக்கு அப்போதான் உறைச்சது. எங்கே, எவ்வளவு, எப்போ நிறுத்தணும், இந்த மூணும் தெரியாம வளர்ச்சின்னா அதுக்கு இன்னொரு பேரு கட்டி.

தம்பி செய்த வேலை

அண்ணன் தோத்த இடத்தில் தம்பி கொஞ்சம் ஜெயிச்சான். இ.ஜி.எஃப். தோலுக்கானது. புண் வெளியே இருக்கு, மேலேயே தடவலாம். மனித ஜீனை நுண்ணுயிரிக்குள் வைத்து அந்தப் புரதத்தைத் தயாரிக்க முடிந்ததும், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பி தேவைப்படலை. கியூபாவில் ஹவானா ஆய்வு மையம் அதைப் புண்ணுக்குள் போடும் ஊசியாக்கியது. 2006ல் அங்கே பதிவானது. இந்தியாவில் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் ஜெல் ஆக்கியது. ரீஜென்-டி என்று பெயர்.

அந்த ஜெல்லின் மூன்றாம் கட்ட சோதனைக் கட்டுரை 2006ல் வூண்ட்ஸ் இதழில் வந்தது. முதல் பெயர் விஜய் விஸ்வநாதன், ராயபுரம் எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனை. 1954ல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் தொடங்கிய இடம். கூட எழுதியவர்களில் சென்னையின் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் என். சேகரும் ஒருவர். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் ஜெல்லுன்னு நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மருந்து போட்டவர்களின் புண் சீக்கிரம் ஆறியது.

ஆக, பெரியம்மாவுக்கு நான் பதில் கண்டுபிடிச்சிட்டேன். டூரின் படுக்கையறையில் ஆரம்பிச்சு, எலிக்குட்டியின் இமை வழியா, பீச் ஸ்டேஷனுக்கு அடுத்த ராயபுரம் வரைக்கும் வந்த டியூப் அது.

ஆனா அதே ராயபுரம் குழு 2004ல் டயபடீஸ் கேர் இதழில் இன்னொரு கட்டுரை எழுதியிருக்கு. மருந்தைப் பற்றி இல்லை. செருப்பைப் பற்றி. எம்.சி.ஆர். என்ற மெத்து ரப்பர் உள்ளிட்ட வகைகளை ஒப்பிட்டது. அந்த எம்.சி.ஆர். செருப்பு எங்கே வளர்ந்ததுன்னு கேட்டா, வேலூர் பக்கம், தொழுநோயாளிகளின் காலுக்காக. குரோம் லெதர் கம்பெனி பேர்ல இருக்கிற ஊருக்குப் பக்கத்துல குடியிருந்துகிட்டு, காலைக் காப்பாத்தற செருப்பு எதுன்னு எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியலை.

எங்க டாக்டரும் அதைத்தான் திரும்பத் திரும்ப சொன்னார். ஜெல் தோலை வளர்க்கும். அந்தத் தோல் மேல நீங்க நடந்தீங்கன்னா, வளர்ந்ததெல்லாம் நசுங்கும். பெரியப்பா அந்தக் காலை ஊன்றாம இருந்த வாரங்கள்தான் எங்க வீட்லயே கஷ்டமான காலம். ஜெல் பூசறது ரெண்டு நிமிஷம். சும்மா உட்கார வைக்கிறது நாள் பூரா சண்டை. பதினோரு வாரத்துல புண் மூடுச்சு. விரல் இருக்கு. எது எவ்வளவு வேலை செஞ்சதுன்னு எங்க ஒரு வீட்டை வெச்சு சொல்ல முடியாது. சுத்தம் பண்ணது, சுகர் குறைஞ்சது, ஊன்றாம இருந்தது, ஜெல், எல்லாம் சேர்ந்துதான்.

போன வாரம்

செக்கப்ல நர்ஸ் ஒரு நைலான் இழையை எடுத்தாங்க. மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி இருக்கும். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும். கண்ணை மூடிக்கச் சொல்லி, பாதத்துல தொட்டுத் தொட்டு “தெரியுதா?”ன்னு கேப்பாங்க. இதைத் தெரியாதவங்களுக்குத்தான் புண் வரும்னு, பாதத்துக்கு அந்தப் பத்து கிராம் அளவை 1986ல் காட்டியவங்க கார்வில் ஆய்வாளர்கள். பிராண்ட் வேலை பார்த்த அதே இடம். ரீட்டாவுக்கும் கோஹனுக்கும் நோபல் கிடைச்ச அதே வருஷம்.

“தெரியுதா?”

“இல்லை.”

“இப்போ?”

“இல்லைம்மா.”

புண் ஆறிய அந்த விரல்ல தொட்டப்பவும் இல்லைன்னுதான் சொன்னார். தோல் திரும்ப வந்துடுச்சு, நரம்பு வரலை. வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்னப்போ, “நரம்புக்கு எப்போம்மா வரும் ஜெல்லு?”ன்னு கேட்டார். முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க பெரியப்பான்னு சொன்னேன். பொய் இல்லை. ஆனா அவருக்கு அது வந்து சேருமான்னு எனக்கு நம்பிக்கை இல்லை, அதையும் சொல்ல முடியலை.

இப்போ ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் பெரியம்மா ஒரு முகக் கண்ணாடியை அவர் பாதத்துக்குக் கீழ பிடிக்கிறாங்க. விரல் இடுக்கு, குதிகால், எல்லாம் பார்ப்பாங்க. காலைல செருப்பு போடுறதுக்கு முன்னாடி கவிழ்த்து ரெண்டு தட்டு தட்டி, உள்ள கைவிட்டுப் பார்ப்பாங்க. செங்கல்பட்டுலயும் வேலூர்லயும் அந்த நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஏறக்குறைய இதேதான். வலி செய்ய வேண்டிய வேலையைக் கண்ணு செய்யணும்.

இதைக் கேட்கிற உங்க வீட்ல யாருக்காவது பத்து வருஷத்துக்கு மேல சுகர் இருந்தா, இன்னைக்கு ராத்திரி அவங்க காலைக் கொஞ்சம் பாருங்க. “ஒண்ணும் இல்லை, வலிக்கலை”ன்னு சொல்வாங்க. வலிக்கலைன்னாலும் பாருங்க. வருஷத்துக்கு ஒரு தடவை அந்த நைலான் இழை டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.

அடுத்த எபிசோட் சொன்ன நாள்ல வந்துடும்.